பத்தி எண் எழுதாத கடிதம்

சார்,

உங்கள் கோப்பின் கயிற்றை அவிழ்த்ததும் மிளகு கொட்டியது. பூச்சி அரிக்காமல் இருக்கட்டும் என்று காகிதங்களுக்கு நடுவே நீங்கள் போட்டு வைத்திருந்த மிளகு. மடியிலும் தரையிலும் உருண்டு ஓடியது. பழைய காகிதமும் காரமும் கலந்த அந்த வாசனையில் எனக்கு இரண்டு தும்மல் வந்தது. பிறகு அழுகை வந்தது. மிளகால்தான் என்று உங்கள் மனைவி நல்லம்மா அக்காவிடம் சொன்னேன். நம்பியது போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

மலை மேல், பல ஊர்கள் சேர்ந்த ஆலத்தூர் நாட்டில் உங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா தார்ப்பாயில் மிளகைக் காலால் கிளறி விட்டுக்கொண்டே பேசினார். "ஏனுங்க மேடம், இந்தக் கட்டு மேல உங்க பேரு எழுதி வச்சிருக்காருன்னு தபால்காரரு படிச்சுச் சொன்னாருங்க. எனக்கென்னுங்க தெரியும்? எடுத்துக்கிட்டுப் போயிருங்க." ஐப்பசி மழையில் நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி எனக்கு மார்கழியில்தான் வந்தது. முன்பே தெரிந்திருந்தால் வந்திருப்பேனா என்று கேட்காதீர்கள். வந்திருக்க மாட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு ஒன்பது வருடமாகவே இல்லை. நீங்கள் மூடிய கண்ணோடு கிடந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

வங்கியின் செம்மேட்டுக் கிளைக்கு நான் உதவி மேலாளராக வந்த முதல் நாள் உங்களுக்கு நினைவிருந்திருக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாமக்கல்லில் இருந்து யாரும் விரும்பி ஏறி வராத பணியிடம் அது. பேருந்தை விட்டு இறங்கி, சந்தைப் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினீர்கள். "ஏனுங்க மேடம், எறங்கறப்பவும் எழுவதுதானுங்க. பழத்துல பாதிய மிச்சம் வச்சுக்கங்க." அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் கிளையின் வேளாண் அலுவலர். எனக்கும் உங்களுக்கும் ஒரே வயது. எனக்கு மலை தெரியாது, உங்களுக்கு மலையைத் தவிர வேறு எதுவும் பிடிக்காது. மூன்று வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.

மரக்கடன் என்றால் என்ன என்று எனக்குக் காட்ட நீங்கள் என்னை நடத்தியே கூட்டிப்போனீர்கள். உங்கள் ஊர்களில் மண் ஒருவருக்கும் மரம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். அண்ணன் நிலத்தில் தம்பி நட்ட சில்வர் ஓக்கும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் தம்பிக்குத்தான். பட்டா இருக்காது, பத்திரம் இருக்காது. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் மரத்தில் சுண்ணாம்பால் மூன்று கோடு போடுவார்கள். கோடு போட்ட மரம் அடமானத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அழிக்கும் வரை அதில் நிலத்துக்காரர்கூடக் கை வைக்க மாட்டார். அந்தக் கோட்டை நம்பித்தான் நம் கிளை கடன் கொடுத்தது. நான் தயங்கினேன். "இதுக்கு எங்க சார் கையெழுத்து?" என்றேன். நீங்கள் சுண்ணாம்பு ஒட்டிய விரலைக் காட்டினீர்கள். "ஊரே பாத்துச்சுங்களே மேடம். உங்க கையெழுத்த எத்தன பேரு பாக்கறாங்க?"

வெள்ளையம்மாவின் மரங்களுக்குக் கோடு போட்ட நாளில் நானும் இருந்தேன். கணவன் இல்லை. கொழுந்தன் நிலத்தில் அவள் கணவன் நட்ட நாற்பது மரம்தான் சொத்து. கோடு போட்டு முடித்ததும் அவள் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "இனி இது என்னுதுதானுங்களே? பேங்கே சொல்லிருச்சுல்லீங்க?" என்று கேட்டாள். அவளுக்குக் கடனைவிட அதுதான் பெரிதாக இருந்தது. ஆமாம் என்றேன். நான் பொய் சொல்லவில்லை, அன்றைக்கு அது உண்மை.

வங்கிகளுக்கு விதி எழுதும் பன்னாட்டுக் குழு நம் மேசைக்கு வந்தது ஓர் அடிக்குறிப்பாக. தலைமை அலுவலகச் சுற்றறிக்கை ஒன்றின் அடியில் பொடி எழுத்தில் 'பன்னாட்டு நெறிகளுக்கு இணங்க' என்று இருந்தது. மற்றவர்கள் கோப்பில் போட்டுவிட்டுப் போனார்கள். நீங்கள் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். "யாருங்க இது, நம்மள இணங்கச் சொல்றது?" என்று கிளையின் கணினியில், மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் தேடினீர்கள். ஆங்கிலத்தை அகராதியோடு வைத்துப் படித்துவிட்டு, மதியச் சோற்றின் போது எனக்குக் கதையாகச் சொன்னீர்கள். தட்டில் சோறு காய்ந்துபோகும், நீங்கள் நிறுத்த மாட்டீர்கள்.

எங்கோ ஒரு நாட்டில் ஒரு வங்கி சாயங்காலம் கதவை மூடிவிட்டது, கடலுக்கு அந்தப் பக்கம் அப்போது காலை நேரம், அங்கே பணத்துக்குக் காத்திருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள், அதற்குப் பிறகுதான் பத்துப் பன்னிரண்டு பணக்கார நாட்டு அதிகாரிகள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள் என்றீர்கள். முதலில் எழுதிய விதி மெல்லிய புத்தகம். பெரிய வங்கிகள் முணுமுணுத்ததும் அடுத்த புத்தகத்தில் உங்கள் ஆபத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள் என்று விட்டார்கள். அளந்தவர்கள் குறைத்தே அளந்தார்கள். உலகமே ஆடிப்போனது. பிறகு இன்னும் கனமான புத்தகம். இந்த முறை நம் நாட்டுக்கும் மற்ற சில நாடுகளுக்கும் குழுவில் நாற்காலி போட்டார்கள்.

"விழுந்த பொறவுதானுங்க சட்டம் எழுதுவாங்க" என்றீர்கள். "எந்த ஊட்டுல தீ புடிச்சுதோ அந்த ஊட்டப் பாத்து எழுதுவாங்க. தீயே புடிக்காத ஊட்டுக்காரனும் ஓடு மாத்தோணும்."

நாற்காலி போட்டதைப் பற்றி ஆலத்தூர் நாட்டு ஊர்க்கூட்டத்தை வைத்துச் சொன்னது எனக்கு இன்றும் அப்படியே கேட்கிறது. "எங்க நாட்டுலயும் முந்தி நாலு வகையறாதானுங்க உக்காருவாங்க. சண்டை வந்துச்சு, எட்டு வகையறா ஆச்சு. உக்கார்ற எடம் பெருசாச்சுங்க மேடம். பேசுனது அதே நாலு பேருதான்." இவ்வளவு தெரிந்தும் நீங்கள் நம்பினீர்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேலி செய்துகொண்டே நம்பினீர்கள். அடுத்த விதி வரைவுக்கு யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம் என்று அந்தக் குழு அறிவித்த அன்று, சந்தை நாளில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே காசாளர் மேசையைத் தாண்டி என்னிடம் ஓடி வந்தீர்கள். "மேடம், கதவத் தொறந்துட்டாங்க! ஊரு பேரு கேக்கறாங்க. செம்மேடுன்னு போடலாமுங்களா, ஆலத்தூர் நாடுன்னு போடலாமுங்களா?"

நான் அதற்குள் மத்திய வங்கித் தேர்வு எழுதி முடித்திருந்தேன். மும்பைக்குப் போனேன். சில வருடங்களில் அங்கிருந்து அயற்பணியில் அதே குழுவின் செயலகத்துக்கு அனுப்பினார்கள். உங்களிடம் வெளிநாட்டு வேலை என்று மட்டும் சொன்னேன், என்ன வேலை என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது விதி. சொல்லியிருந்தால் நீங்கள் ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள் என்பது என் பயம்.

என் வேலை இதுதான் சார். வரைவு வெளியானதும் உலகம் முழுவதும் இருந்து வரும் கருத்துக் கடிதங்களைப் பிரிப்பது. ஒரு பெரிய அட்டவணை. ஒவ்வொரு கடிதமும் வரைவின் எந்தப் பத்தியைப் பற்றிப் பேசுகிறது என்று எண் போட வேண்டும். எண் போட்டவை விதி எழுதுகிறவர்களின் மேசைக்குப் போகும். பெரிய வங்கிகளின் கடிதங்கள் தலையணை கனம் இருக்கும். வக்கீல்கள் எழுதியவை. பத்திக்குப் பத்தி, வரிக்கு வரி எண் இருக்கும். எண் இல்லாத கடிதங்களுக்கு ஒரு கட்டம் உண்டு. 'பொது, பரிசீலனை வரம்புக்கு வெளியே.' அந்தக் கட்டத்தை யாரும் திறப்பதில்லை.

கடனுக்கு எதை ஈடாக ஏற்கலாம் என்ற வரைவுக்கு வந்த கடிதங்களில் ஒரு நாள் காலை உங்கள் பெயரைப் பார்த்தேன். நான்கு பக்கம். 'நான் ஒரு மலையில் வேலை செய்கிறேன். இங்கே மண் ஒருவருக்கு, மரம் ஒருவருக்கு' என்று ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த கை, எனக்குத் தெரிந்த அகராதி. வெள்ளையம்மாவின் கதை இருந்தது. கோடு போட்ட மரத்தின் கடன் ஒன்றுகூடத் திரும்பாமல் போனதில்லை என்று எழுதியிருந்தீர்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு மரம் வரைந்து, அதில் மூன்று கோடு போட்டிருந்தீர்கள். பத்தி எண் மட்டும் இல்லை. நீங்கள் ஊர்க்கூட்டத்தில் பேசுகிற மாதிரி எழுதியிருந்தீர்கள். முதலில் நான் யார், எந்த ஊர், யார் வீட்டுக் கதை இது, கடைசியில் என்ன வேண்டும். கூட்டத்தில் இருப்பவன் கேட்டுக்கொள்வான் என்ற நம்பிக்கையில் எழுதியது.

எந்தப் பத்தி என்று எனக்குத் தெரியும் சார். உலகத்திலேயே அந்தக் கடிதத்துக்கு அந்த எண்ணைப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இரண்டு இலக்கம். விசைப்பலகையில் விரலையும் வைத்தேன். தெரிந்தவருக்குச் சலுகை செய்தாள் என்று யாராவது கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விரலை எடுத்துவிட்டேன். உங்கள் கடிதம் திறக்காத கட்டத்துக்குப் போனது. அன்று மதியம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அதே வாரம் தனிநபர் கடிதங்களுக்கெல்லாம் ஒரே பதில் வாசகம் தயார் செய்யச் சொன்னார்கள். நான் எழுதினேன். 'தங்கள் கருத்து கவனத்துடன் படிக்கப்பட்டது. தங்கள் அக்கறைக்கு நன்றி.' செயலகத் தலைவருக்குப் பிடித்திருந்தது. அக்கறைக்கு நன்றி சொல்வது புதிதாக இருக்கிறது என்று பாராட்டினார். அதில் புதிது ஒன்றும் இல்லை. செம்மேட்டில் கடன் மறுத்தவர்களுக்கு நான் எழுதிக்கொடுத்த சீட்டின் வாசகம்தான் அது, ஆங்கிலத்தில். நீங்கள் அதை எவ்வளவு வெறுத்தீர்கள்! "படிக்கத் தெரியாதவங்க கையில 'படிக்கப்பட்டது'ன்னு குடுக்கறீங்களே மேடம், இல்லேன்னு வாயில சொன்னா என்னுங்க கொறஞ்சு போகுது?"

விதி வந்தது. அதைத் தொட்டு நம் நாட்டுச் சுற்றறிக்கை, அதைத் தொட்டு வங்கியின் சுற்றறிக்கை. பட்டாவோடு சேராத மரம் ஈடு அல்ல. நீங்கள் எனக்குத் தொலைபேசினீர்கள். கோபப்படவில்லை. "நம்ம கடுதாசி பேரு அவங்க பட்டியல்ல ஏறியிருக்குதுங்க மேடம். ஆலத்தூர் நாடுன்னே போட்டிருக்காங்க. அச்செடுத்து ஊர்க்கவுண்டர்கிட்டக் காட்டுனேன்." பிறகு கேட்டீர்கள். "படிச்சிருப்பாங்கல்லீங்க?"

"படிச்சிருப்பாங்க சார்" என்றேன்.

வெள்ளையம்மாவுக்கு நடந்ததை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. நல்லம்மா அக்கா மிளகைக் கிளறிக்கொண்டே இன்றைக்குத்தான் சொன்னார். கடன் புதுப்பிக்க வந்தவளிடம் கிளை ஒரு சீட்டு கொடுத்திருக்கிறது. அதைக் கொழுந்தன் யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். மரம் அவளுடையது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று இருந்ததாம். "பேங்கே சொல்லிருச்சு" என்றானாம். அவள் அன்று சொன்ன அதே வார்த்தை. சுண்ணாம்புக் கோட்டோடு நாற்பது மரத்தையும் வெட்டி லாரியில் ஏற்றிவிட்டான். ஊர்க்கவுண்டர் தடுத்துப் பார்த்தார். கோட்டுக்கு வங்கியே மரியாதை கொடுக்காத போது நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று கொழுந்தன் கேட்டானாம். அதற்குப் பிறகு உங்கள் ஊரில் யாரும் யார் மரத்துக்கும் கோடு போடுவதில்லை. வெள்ளையம்மா கரூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனாள். எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

தொலைவில் ஓர் அறையில் உட்கார்ந்து, இல்லாத தீக்குப் பயந்து எழுதிய ஒரு வரி. அது மலை ஏறி வந்து, யாரும் எழுதாமலே எல்லோரும் மதித்துக்கொண்டிருந்த ஒரு விதியைக் கொன்றது. நான் அந்த அறையிலும் இருந்தேன், இந்த மலையிலும் இருந்தேன். இரண்டையும் பார்த்தவள் என்ற பெருமைக்கு என்ன விலை சார்?

இனி உங்கள் கோப்பு. அந்தப் பதில் கடிதத்தின் அச்சுப்படி மேலாக இருந்தது. 'அக்கறைக்கு' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் உங்கள் சாய்ந்த எழுத்து. 'இது மேடம் வாசகம். மேடம் அங்கேதான் இருக்காங்க.' அதற்குக் கீழே இன்னொரு வரி. 'கேக்கக் கூடாது. அவங்க வேலைக்கு எடஞ்சலாயிரும்.'

அப்படியானால் நீங்கள் தொலைபேசியில் "படிச்சிருப்பாங்கல்லீங்க?" என்று கேட்டது என்னைத்தான். தெரிந்தே கேட்டீர்கள். நான் தப்பித்துக்கொள்ள ஒரு வழியும் விட்டுக் கேட்டீர்கள். நான் அந்த வழியாக ஓடிப்போனேன். அதன் பிறகும் நீங்கள் மூன்று வரைவுகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் மரம், மூன்று கோடு. நான் அயற்பணி முடிந்து திரும்பிவிட்டேன் என்பது தெரியாமல், நான் படிப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றில்கூடப் பத்தி எண் இல்லை. அதை நான் போடுவேன் என்று விட்டுவிட்டீர்களோ? இந்தக் கேள்வியோடுதான் இனி நான் எழுந்திருக்க வேண்டும், படுக்க வேண்டும்.

கட்டின் அடியில் முடியாத கடிதம் ஒன்று இருந்தது. இப்போது திறந்திருக்கும் வரைவுக்கானது. பாதிப் பக்கத்தில் நின்றிருந்தது. நான் இப்போது விருப்ப ஓய்வு பெற்றவள். யாரும் என்னை எங்கும் திருப்பி அனுப்ப முடியாது. நாற்காலியிலேயே உட்கார்ந்து தொலைபேசியில் தட்டி எழுதி முடித்தேன். வெள்ளையம்மாவின் லாரியையும் சேர்த்தேன். கோப்பில் இருந்த வரைவின் அச்சைத் தேடிப் பிடித்து, முதல் வரியில் பத்தி எண்ணைப் போட்டேன். கடைசியில் மரம் வரைந்து கோடு போட எனக்கு வரவில்லை, உங்கள் பழைய படத்தையே படம் பிடித்து இணைத்தேன். சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு நல்லம்மா அக்கா கூட்டிப்போனார். உங்கள் பெயரைப் போட்டு, அதன் கீழே என் பெயரையும் போட்டு அனுப்பினேன்.

தொலைபேசியைப் பைக்குள் வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

செயலகம் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது சார். நான் பார்த்த தலைவருக்குப் பின் பலர் வந்துபோய்விட்டார்கள். உறுப்பு நாடுகளின் எண்ணிக்கை கூடிவிட்டது, முத்திரை மாறிவிட்டது, கடிதங்களை இப்போது முதலில் இயந்திரம்தான் பிரிக்கிறதாம். என் வாசகம் மட்டும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. தங்கள் கருத்து கவனத்துடன் படிக்கப்பட்டது. தங்கள் அக்கறைக்கு நன்றி. அனுப்பி அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"வந்துருச்சுங்களா? இத்தன வெரசாவா?" நல்லம்மா அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "படிச்சுட்டாங்களா?"

வாயில் சொன்னால் என்ன குறைந்து போகிறது என்று நீங்கள் கேட்டது நினைவுக்கு வந்தது. "இல்லீங்கக்கா. யாரும் படிக்கலீங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். "அவரு எழுதுனதயாச்சும் ஆராச்சும் படிச்சாங்களா?"

"ஒருத்தங்க படிச்சாங்க. நான்தாங்கக்கா படிச்சேன். முழுசாப் படிச்சேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் புடவையில் ஒட்டியிருந்த மிளகு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "நீயே படிச்சும் ஏன் கண்ணு ஒண்ணும் நடக்கல?" என்றார். கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அடிவானத்தில் மேகம் திரண்டிருந்தது. மிளகு நனைந்துவிடும் என்று பதிலுக்குக் காத்திராமல் வேகமாக இறங்கிப் போனார்.

செம்மேட்டில் இருந்து கடைசிக்கு முந்தைய பேருந்தில் மலை இறங்கினேன். சாலையோர மரங்களுக்கு வளைவு தெரிவதற்காக வெள்ளைப் பட்டை அடித்திருந்தார்கள். சாலைக்காரர்கள் அடித்த சுண்ணாம்புதான், தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் அது யாரோ ஒருத்தி என்னை நம்பி விட்டுவிட்டுப் போன மரமாகத் தெரிந்தது. எழுபது வளைவிலும் நான் கண்ணை மூடவில்லை. கையில் எலுமிச்சம்பழம் இல்லை, உங்கள் மிளகுதான் இருந்தது. ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன். அடிவாரம் வரும் வரை அக்காவுக்கு ஒரு பதில் யோசித்துக்கொண்டே வந்தேன் சார். கிடைக்கவில்லை.